தரங்கம்பாடி மருத்துவர் கோனிக்

திருவண்ணாமலையின் தென்புறத்து அடிவாரத்தில் ரமணாசிரமம் அமைந்துள்ளது. 1896ஆம் ஆண்டில் இளைஞராக அவ்வூருக்கு வந்த ரமண முனிவர், 1950ஆம் ஆண்டில் மறையும் வரையில் அம்மலையை விட்டு நீங்கினாரல்லர். பசுவும் மயிலும் குரங்கும் அணிலும் அவர்பால் அச்சமின்றிப் பழகின. அவர் அன்பு பாராட்டிய இலக்குமி என்னும் பசுவின் சமாதியை இன்றும் அங்கே காணலாம். மாரிக்காலத்தில் மழை சற்றே ஓய்ந்து வெயில் எறிக்கும் வேளைகளில், ஆசிரமத்தைச் சூழ்ந்த பகுதியிலும் மலைவலம் வரும் வழியிலும் நடப்போர் கண்ணுக்கு இன்னொரு விருந்தும் கிடைக்கும். மஞ்சளும் வெள்ளையும் நீலமுமாகப் பட்டாம்பூச்சிகள் புதர்தோறும் பறந்து திரியும். அவற்றுள் ஒன்று கரிய சிறகும், பின்சிறகில் வெண்திட்டும், சிவந்த உடலும் உடையது. அது விரைந்து பறப்பதில்லை. தன்னை யார் என் செய்வார் என்பது போல மெல்ல மிதந்து செல்லும்.

தமிழ்நாட்டின் சமவெளியெங்கும் காணப்படும் இப்பூச்சி முதன்முதலில் உலகத்தார் அறியும் அறிவியல் நூலில் இடம் பெற்றது 1775ஆம் ஆண்டில் ஆகும். அதற்குரிய ஊராகப் பூச்சிநூலார் குறிப்பது, சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி. அவ்வூரில் மருத்துவராக வந்து தங்கி, செடி கொடிகளையும் பூச்சிகளையும் தேடித் தொகுத்து, தம் வாழ்நாளின் பிற்பகுதி முழுவதையும் அத்தொண்டிற்கே ஈந்தவர் யோகான் கெரார்டு கோனிக் என்பவர். அவருடைய வரலாறு தமிழ்நாட்டு மாணவர் அறிந்துகொள்ளத் தக்கது.

பிறப்பும் கல்வியும்

கோனிக் 1728ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் ஐரோப்பாவின் வடகிழக்குப் பகுதியாகிய லிவோனியாவில் பிறந்தார். அவர் பிறந்த இடம் இக்காலத்தில் லாட்வியா என்னும் நாட்டில் அடங்கியுள்ளது. அவர் செருமன் மொழி பேசும் குடியினர். மருந்துச் செடிகளின் மீது அவருக்கு இளமையிலேயே பற்று உண்டாயிற்று.

அக்காலத்தில் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில் லின்னேயஸ் என்னும் பேராசிரியர் விளங்கினார். உலகில் ஒரே செடிக்கும் ஒரே உயிர்க்கும் நாடுதோறும் வேறு வேறு பெயர் வழங்குவதால் அறிஞர் ஒருவர் கூறுவது மற்றொருவர்க்கு விளங்காத நிலை இருந்தது. லின்னேயஸ் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களால் ஆகிய பெயரிட்டு, இனம் இனமாக வகுத்து அம்மயக்கத்தை நீக்கினார். செடிகளைப் பற்றிய அவர் நூல் 1753ஆம் ஆண்டிலும், விலங்குகளைப் பற்றிய அவர் நூலின் சிறந்த பதிப்பு 1758ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. தம் மாணாக்கர் நூல்களை மட்டும் கற்று வீட்டில் அமர்ந்திருத்தலை அவர் விரும்பவில்லை. கடல் கடந்து சென்று, காடும் மலையும் திரிந்து, கண்ணாற் கண்டவற்றை எழுதி அனுப்புமாறு அவர்களைத் தூண்டினார். அம்மாணாக்கருள் பலர் சென்ற நாட்டிலேயே நோயுற்று இறந்தனர். அவ்வாறு நேர்வதை அறிந்திருந்தும் புதியவர் புறப்பட்டுக்கொண்டே இருந்தனர்.

கோனிக் 1757ஆம் ஆண்டில் அப்பேராசிரியரை அடைந்து பாடம் கேட்டார். பின்னர் 1759ஆம் ஆண்டு தொடங்கி 1767ஆம் ஆண்டு வரையில் டென்மார்க்கு நாட்டில் வாழ்ந்தார். அக்காலத்தில் அவர் பனி மூடிய ஐஸ்லாந்துத் தீவிற்குச் சென்று அங்குள்ள செடிகளை ஆராய்ந்தார். விரலளவும் உயராத சிறு பூண்டு ஒன்று அத்தீவிலே வளர்கிறது. அதற்கு லின்னேயஸ் 1767ஆம் ஆண்டில் தம் மாணாக்கர் பெயரையே சூட்டினார். எளிதில் எவர் கண்ணிலும் படாத சிறு பொருளையும் கூர்ந்து காண்பவர் என்பதற்கு அப்பெயர் ஒரு சான்று எனலாம்.

தரங்கம்பாடி வருகை

தரங்கம்பாடியில் டேனியர் 1620ஆம் ஆண்டு முதல் கோட்டை அமைத்து வாணிகம் செய்துவந்தனர். 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு ஐயர் அங்கு வந்து கிறித்தவ சமயத் தொண்டு தொடங்கினார். தமிழ் நூல்கள் அச்சேறிய தொடக்கக் கால அச்சுக்கூடங்களுள் ஒன்று அவ்வூரில் அமைந்ததை மாணவர் அறிவர். அச்சமயத் திருக்கூட்டத்தார்க்கு மருத்துவர் ஒருவர் வேண்டியிருந்தது. அப்பணியை ஏற்றுக் கோனிக் 1767ஆம் ஆண்டில் கப்பலேறினார்.

சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியைச் சுற்றிக்கொண்டு பல திங்கள் கடலில் உழன்று வரவேண்டும். கப்பல் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, 1768ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஏறத்தாழ நான்கு வார காலம் கோனிக் அந்நிலத்துச் செடிகளைத் தொகுத்தார். அங்கே ஆளுநராக இருந்த துல்பாக் என்பவர்க்கு லின்னேயஸ் முன்னரே அறிமுகக் கடிதம் விடுத்திருந்தார். கடற்பயணத்தால் களைத்தவர் ஓய்வெடுக்கும் நாள்களைத் தொகுப்பு வேலைக்குப் பயன்படுத்தியது அவருடைய இயல்பைக் காட்டும். அவ்வாண்டிலேயே அவர் தரங்கம்பாடியை வந்தடைந்தார்.

மருத்துவத் தொழிலுக்கு அக்காலத்தில் செடிநூல் அறிவு இன்றியமையாதது. மேனாட்டு மருந்து கப்பலில் வந்து சேர்வதற்குள் கெட்டுப்போவதும் உண்டு. ஆகவே இந்நாட்டு மூலிகைகளைக் கோனிக் ஆர்வத்துடன் ஆராய்ந்தார். எந்தச் செடி எங்கே வளர்கிறது, எப்போது பூக்கிறது, அதனை இந்நாட்டார் எந்நோய்க்குக் கையாளுகின்றனர் என்பவற்றைக் குறித்துக்கொண்டார். செடியைத் தேடிச் சென்றவர் அதன் இலையில் இருந்த புழுவையும், அதன் மலரில் தேன் உண்ட பூச்சியையும் கண்டார். நாளடைவில் செடிகளோடு பூச்சிகளும் அவருடைய தொகுப்பில் இடம்பெற்றன.

பூச்சி தொகுக்கும் பணி

வெயிலில் பறக்கும் பட்டாம்பூச்சியைக் காண்பது இன்பம். அதனைச் சிறகு சிதையாமற் பிடித்து, உலர்த்தி, உலகின் மறுகோடிக்கு அனுப்புவதோ பெருந்துன்பம். சிறகின் வண்ணம் என்பது நுண்ணிய செதில்களால் ஆகியது. விரல் பட்டால் பொடியாக உதிர்ந்துவிடும். ஆகையால் மெல்லிய வலையில் பிடித்து ஊசியிற் குத்திப் பெட்டியில் நிறுத்த வேண்டும். பெட்டியில் எறும்பு ஏறினால் ஓர் இரவிற்குள் உடல் மறைந்து சிறகு மட்டும் எஞ்சும். கார்த்திகை மழையின் ஈரத்தில் பூஞ்சணம் படரும். இவை அனைத்திற்கும் தப்பிய பெட்டி கப்பலேறிய பின்னர், உப்புக்காற்றும் கப்பற்சேதமும் கடற்போரும் அதற்குப் பகையாகும். பல்லாண்டு முயற்சி ஒரே அலையில் அழிந்த செய்திகள் தொகுப்பாளர் வரலாற்றில் பல உண்டு. ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் அமேசான் காட்டில் நான்காண்டு திரிந்து சேர்த்தவற்றுள் பெரும்பகுதி, 1852ஆம் ஆண்டில் அவர் ஏறிய கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியபோது எரிந்து போயிற்று.

கோனிக் அனுப்பிய பொருள்கள் லின்னேயசுக்கும், இலண்டன் நகரத்துப் பெருஞ்செல்வரும் இயற்கைநூற் புரவலருமாகிய சோசப் பேங்க்ஸ் என்பவர்க்கும் போய்ச் சேர்ந்தன. பூச்சிகள் பலவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர் யோகான் கிறித்தியன் பப்ரிசியஸ் என்னும் டேனிய அறிஞர். தமிழ் அகராதி தொகுத்த பப்ரிசியஸ் ஐயர் வேறு, இவர் வேறு. இவரும் லின்னேயசின் மாணாக்கரே. தம் வாழ்நாளில் பதினாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த தொகையினவாகிய பூச்சிகளுக்கு இவர் பெயரிட்டார். 1775ஆம் ஆண்டில் வெளியான இவருடைய பூச்சிநூலில்தான் நாம் முன்னர்க் கண்ட சிவந்த உடற் பட்டாம்பூச்சி இடம்பெற்றது.

அப்பூச்சிக்கு இட்ட பெயரில் ஒரு சிறப்பு உண்டு. அதன் புழு உண்ணும் கொடியின் இனப்பெயரையே பப்ரிசியஸ் அதற்கு வழங்கினார். தமிழில் ஈசுவரமூலி எனவும், அதன் இனத்தில் மற்றொன்று ஆடுதின்னாப்பாளை எனவும் வழங்கும் கொடிகள் அவை. ஊசியிற் குத்திய பூச்சியை மட்டும் ஐரோப்பாவில் இருந்து காண்பவர்க்கு அதன் புழு எவ்விலையைத் தின்றது என்பது எவ்வாறு தெரியும்? இந்நாட்டு வேலியோரத்தில் குனிந்து நின்று, கொடியில் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் கண்டவர் ஒருவர் சொல்லியிருந்தாலன்றி அது தெரிய வழியில்லை. செத்த பூச்சியின் அழகைத் தொகுப்பதோடு நில்லாமல், உயிருள்ள பூச்சியின் வாழ்வை அறிதல் என்னும் உயர்ந்த நெறியை அப்பெயர் உணர்த்துகின்றது.

ஆற்காட்டு நவாபின் இயற்கைநூலார்

சமயத் திருக்கூட்டத்தார் அளித்த ஊதியம் உணவிற்கும் உடைக்கும் போதுமாயினும் நெடும்பயணங்களுக்குப் போதவில்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் 1773ஆம் ஆண்டில் கோனிக் நேரில் வாராமலே அவருக்கு மருத்துவப் பேரறிஞர் பட்டம் வழங்கிப் பெருமை செய்தது. ஆனால் பட்டத்தைக் கொண்டு மாட்டுவண்டிக்குக் கூலி கொடுக்க இயலாது. நிலையான பணியில் இருந்து அமைதியாக வாழ்வதா, வருவாய் ஐயத்திற்கு இடமானதாயினும் மலையும் காடும் காணப் புறப்படுவதா என்னும் வினா அவர் முன் நின்றது. 1774ஆம் ஆண்டில் அவர் ஆற்காட்டு நவாபாகிய முகம்மது அலியிடம் இயற்கைநூலாராகப் பணியேற்றார்.

நவாபின் ஆட்சி எல்லை அன்று பரந்து கிடந்தது. திருவண்ணாமலையும் அதனுள் அடங்கியிருந்தது. ஆயினும் நாடு அமைதியுடன் இருக்கவில்லை. கோனிக் ஐரோப்பாவில் கப்பலேறிய அதே 1767ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலப் படைக்கும் திருவண்ணாமலையருகே கடும்போர் நிகழ்ந்தது. அத்தகைய நாட்டில், வாளும் துப்பாக்கியும் ஏந்தியோர் சென்ற வழிகளில், செடி கொடிகளையும் பூச்சிகளையும் நாடி ஒருவர் நடந்து சென்றார்.

வேலூர், ஆம்பூர் ஆகிய ஊர்களை அடுத்த மலைகளில் அவர் ஏறித் தொகுத்தார். அவ்வூர்களுக்குத் தெற்கே எழும் சவ்வாது மலை இன்று திருவண்ணாமலை மாவட்டத்திலும் பரவி நிற்கின்றது. சென்னைக்கு வடக்கில் உள்ள மலைகளையும், இலங்கைத் தீவையும் அவர் சென்று கண்டார். கடற்கரையில் காணாத செடிகள் மலைச்சாரலில் இருந்தன. செடி மாறவே அதனைச் சார்ந்த பூச்சியும் மாறிற்று. ஒரு நிலத்தின் உயிர்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன என்பதை இவ்வாறு நடந்து திரிவோரே எளிதில் உணர்வர். நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனப் பகுத்து, அவ்வந்நிலத்துக்குரிய மரமும் மலரும் புள்ளும் விலங்கும் கூறிய பழந்தமிழர்க்கு இவ்வுண்மை புதியதன்று.

இத்தகைய பயணங்களில் வெளிநாட்டார் எவரும் தனியே செல்லவில்லை. வழி காட்டியவர், மூட்டை சுமந்தவர், இன்ன மரம் இன்ன காலத்தில் பூக்கும் என்று சொன்னவர், செடியின் பெயரையும் பயனையும் விளக்கியவர் எல்லாரும் இந்நாட்டு மக்களே. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தொகுப்பாளரின் புகழைப் பேசும்போது அவர்களையும் நினைத்தல் நன்றியுடைமையாகும்.

கறையான் ஆராய்ச்சி

கோனிக் அழகிய பூச்சிகளை மட்டும் நாடினாரல்லர். தஞ்சைப் பகுதியில் கறையான் புற்றுகளை அவர் ஆராய்ந்தார். அரசியும் வேலைக்காரரும் காவலரும் என வகுப்பு வகுப்பாக அமைந்து வாழும் அச்சிற்றுயிர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து எழுதினார். முதல் மழை பெய்தபின் சிறகு முளைத்துப் புறப்படும் ஈசலை இந்நாட்டு மக்கள் பிடித்து உணவாகக் கொள்ளும் முறையையும் குறித்தார். அக்கட்டுரை 1779ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து இயற்கைநூற் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. கறையானின் வாழ்வைப் பற்றி எழுந்த தொடக்கக் கால ஆராய்ச்சிகளுள் அது ஒன்று. கதவையும் நூலையும் அரிக்கும் பகை என்று பிறர் மிதித்துச் செல்லும் உயிரிடத்தும் ஓர் அரசின் ஒழுங்கைக் கண்டவர் அவர்.

சயாமும் மலாக்காவும்

1778ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 17ஆம் நாள் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியார் சென்னையில் கோனிக்கைத் தம் இயற்கைநூலாராக அமர்த்தினர். கும்பெனியார் விரும்பியது வாணிகத்திற்கும் மருந்திற்கும் பயன்படும் பொருள்கள். கோனிக் விரும்பியது அவற்றோடு கூடிய முழு அறிவு. அவ்வாண்டிலேயே அவர் கடல்வழியே சயாம் நாட்டிற்குப் புறப்பட்டார். தாய்லாந்து என இன்று வழங்குவது அந்நாடே. புக்கெட் தீவில் சில திங்கள் தங்கிச் செடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்தார். மலாக்காவையும் கண்டு 1780ஆம் ஆண்டில் மீண்டார். அப்பயணத்தில் இஞ்சி இனத்துச் செடிகளையும் மரங்களில் தொற்றி வளரும் அழகிய மலர்ச்செடிகளையும் பற்றி அவர் எழுதிய விளக்கங்களைச் சுவீடன் நாட்டுச் செடிநூலார் ரெட்சியுஸ் என்பவர் 1783, 1791 ஆகிய ஆண்டுகளில் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். பயண நாட்குறிப்போ இலண்டனில் கையெழுத்துப் படியாகவே கிடந்து, நூறாண்டுக்கு மேற்பட்ட பின்னர், 1894ஆம் ஆண்டில்தான் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டுச் சிங்கப்பூரில் இருந்த கழகம் ஒன்றின் ஏட்டில் வெளிவந்தது.

கோனிக் தாம் அறிந்தவற்றைப் பூட்டி வைத்தவரல்லர். தரங்கம்பாடியில் இருந்த சமயத் தொண்டர்க்கும் செடிநூலில் ஆர்வம் உண்டாக்கினார். 1776ஆம் ஆண்டில் அங்கு வந்த ராட்லர் ஐயர் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்து நம் மொழிக்குத் தொண்டு செய்த ராட்லர், செடிகள் தொகுப்பதிலும் சிறந்து விளங்கினார். 1776ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த இளம் மருத்துவராகிய ராக்ஸ்பரோவும் கோனிக்கின் நட்பைப் பெற்றார். இந்தியச் செடிநூலின் தந்தை எனப் பின்னாளில் போற்றப்பட்டவர் அவரே. கற்றாரைக் கற்றார் காமுறுதல் என்னும் நெறிக்கு அவர்தம் நட்பு எடுத்துக்காட்டாகும்.

இறுதிக்காலம்

1784ஆம் ஆண்டில் கோனிக் வடக்கு நோக்கிப் புறப்பட்டார். விசாகப்பட்டினத்தில் தம் நண்பரும் மருத்துவருமான பாட்ரிக் ரசலைக் கண்டார். பின்னர் வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றிக்கொண்டது. பிறர் நோயைத் தீர்க்க வந்த மருத்துவர் தம் நோய்க்கு மருந்து காணாது வருந்தினார். அருகில் இருந்த ராக்ஸ்பரோ அவருக்கு மருத்துவம் செய்தும் பயனில்லாமற் போயிற்று. 1785ஆம் ஆண்டு சூன் திங்கள் 26ஆம் நாள், இன்று காக்கிநாடா நகரில் அடங்கியுள்ள செகந்நாதபுரத்தில் கோனிக் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 56.

அவர் இந்தியாவுக்கு வந்து ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச் சென்ற செல்வம் அவருடைய குறிப்பேடுகளே. அவற்றைச் சோசப் பேங்க்சுக்குச் சேர்ப்பிக்குமாறு அவர் ஏற்பாடு செய்திருந்தார். தம் கண்டுபிடிப்புகள் தம் பெயரால் நூலாக வெளிவருவதைக் காணும் பேறு அவருக்கு மிகுதியும் வாய்க்கவில்லை. அவர் தொகுத்தவற்றுக்கு லின்னேயசும் பப்ரிசியசும் ரெட்சியுசும் பெயரிட்டனர். நூலின் முகப்பில் அவர்கள் பெயரே நின்றது. ஆயினும் தம்மோடு அறிவு அழிந்துவிடலாகாது என்பதே கோனிக்கின் கவலை. ஆதலால் தாம் கண்டதை எழுதுவதிலும், எழுதியதைக் கொடுப்பதிலும் அவர் தயங்கவில்லை. அவர்க்குப் பின் கும்பெனியின் இயற்கைநூலாராக அமர்ந்தவர் ரசல். இந்நாட்டுப் பாம்புகளைப் பற்றி 1796ஆம் ஆண்டில் அவர் நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு மேனாட்டார் வழங்கும் பெயர் அவர் பெயரே.

கறிவேப்பிலையும் பட்டாம்பூச்சியும்

கோனிக்கின் பெயர் ஐஸ்லாந்துச் சிறுபூண்டில் மட்டும் நிலைக்கவில்லை. நம் வீடுகளின் கொல்லைப்புறத்தில் வளர்ந்து, நாள்தோறும் தாளிதத்தில் மணக்கும் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771ஆம் ஆண்டில் கோனிக்கின் பெயரை இணைத்தார். உலகின் எந்த மூலையில் உள்ள செடிநூலாரும் கறிவேப்பிலையைக் குறிக்கும்போது அவர் பெயரைச் சொல்லியே குறிப்பர்.

கறிவேப்பிலைக்கும் ரமணாசிரமப் பகுதியில் நாம் கண்ட சிவந்த உடற் பட்டாம்பூச்சிக்கும் வியக்கத்தக்க தொடர்பு ஒன்று உண்டு. ஈசுவரமூலியின் இலையில் நச்சுப்பொருள் இருக்கிறது. அதனைப் புழுப்பருவத்தில் தின்று வளர்ந்த பூச்சியின் உடலிலும் அந்நஞ்சு தங்கிவிடும். ஒருமுறை சுவைத்த பறவை மறுமுறை அதனை அணுகாது. ஆகவேதான் அது அச்சமின்றி மெல்லப் பறக்கின்றது. நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்ற இக்கொடியை உட்கொள்ளுதல் மக்களின் சிறுநீரகத்திற்குக் கேடு விளைக்கும் என்று இக்கால ஆராய்ச்சி காட்டுகின்றது.

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிட்டு வளர்வது வேறோர் இனப் பட்டாம்பூச்சி. அதற்கு நஞ்சில்லை. ஆயினும் அவ்வினத்துப் பெண்பூச்சிகளுள் சில, ஆணைப்போல் இராமல், ஈசுவரமூலிப் பூச்சியின் உருவத்தையே கொண்டு பிறக்கின்றன. அதே கருஞ்சிறகு, அதே வெண்திட்டு, அதே சிவப்புப் புள்ளிகள். பறவை ஏமாந்து விலகிச் செல்கிறது. உடலை உற்றுநோக்கினால் வேறுபாடு புலப்படும்: நஞ்சுடையதன் உடல் சிவப்பு, நஞ்சில்லாததன் உடல் கருமை.

இவ்வாறு ஓருயிர் மற்றோர் உயிரின் வடிவத்தைக் கொள்ளும் உண்மையை முதலில் விளக்கியவர், அமேசான் காட்டில் 11 ஆண்டுகள் பூச்சி தொகுத்த பேட்ஸ் என்பவர். அவர் கட்டுரை 1862ஆம் ஆண்டில் வெளிவந்தது. தீயிற் தொகுப்பை இழந்தும் மனந்தளராத வாலஸ், 1854ஆம் ஆண்டு முதல் எட்டாண்டுகள் மலேயத் தீவுகளில் திரிந்து மீண்டும் தொகுத்தார். கறிவேப்பிலைப் பூச்சியின் பெண்கள் பல வடிவினவாய் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்பதை 1865ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் அவர் விளக்கினார். பெட்டியில் அடுக்கிய பூச்சிகளை விலைப்பொருளாகவும் அணிகலனாகவும் கண்டோர் பலர். இது ஏன் இவ்வாறு இருக்கிறது என்று வினவியோர் சிலரே. அச்சிலரால்தான் உயிரினத் தோற்றம் பற்றிய அறிவு வளர்ந்தது. எந்தப் பூச்சி எந்தச் செடியைத் தின்கிறது என்று கோனிக் போன்றோர் குறித்துவைத்த சிறு செய்திகள் அப்பெரிய மாளிகைக்கு அடித்தளக் கற்கள் ஆயின.

நாம் கொள்ளத்தக்கது

இன்று நிலைமை மாறிவிட்டது. கோனிக்கின் காலத்தில் காடு மிகுதி, அறிந்தவர் குறைவு. இக்காலத்தில் காடு சுருங்கிவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அரிய பட்டாம்பூச்சிகள் பலவற்றைப் பிடிப்பதைத் தடுக்கின்றது. வலைக்கு மாறாகப் படக்கருவியும் குறிப்பேடும் கொண்டு செல்லுதலே இக்காலத்திற்கு ஏற்ற முறை. தமிழ்நாட்டரசு 2019ஆம் ஆண்டில் தமிழ் மறவன் என்னும் பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அதற்கு 1787ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் இட்டவரும் பப்ரிசியசே ஆவார்.

பட்டாம்பூச்சியைக் காப்பதற்கு அதனைப் பிடிக்காமல் இருந்தால் மட்டும் போதாது. அதன் புழு உண்ணும் செடியையும் காத்தல் வேண்டும். களை என்று கருதி வேலியோரத்து ஈசுவரமூலியை வெட்டி எறிந்தால், அதனையே நம்பிய பூச்சி முட்டையிட இடமின்றி அவ்வூரை விட்டு அகலும். இவ்வுண்மையை அறிந்து நடப்பதே பட்டாம்பூச்சிக்கு நாம் செய்யும் உதவி.

கோனிக் பெருஞ்செல்வம் சேர்க்கவில்லை, பெரும்பதவி வகிக்கவில்லை. தாம் வந்து வாழ்ந்த நாட்டின் சிற்றுயிர்களை மதித்து நோக்கினார்; நோக்கியதை உள்ளவாறே எழுதினார்; எழுதியதை உலகிற்கு அளித்தார். அம்மூன்றையும் செய்வதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் கறிவேப்பிலைத் தளிரின்மேல் பறவையின் எச்சம் போன்று ஏதேனும் கிடந்தால், மாணவர் அதனைத் தட்டிவிடாமல் சற்றே குனிந்து நோக்குக. அது இளம்புழுவாகவும் இருக்கலாம். சில நாளில் அது பசிய நிறம் பெறும். மெல்லத் தொட்டால் தலைப்புறத்திலிருந்து சிவந்த கவைபோன்ற உறுப்பை நீட்டி மணம் வீசும். பின்னர்க் கூட்டுப்புழுவாகி அசைவற்றுத் தொங்கும். அதனை நாள்தோறும் கண்டு, கண்ட நாளையும் மாறுதலையும் ஏட்டிற் குறித்து வருபவர், கோனிக் தொடங்கிய பணியில் தாமும் பங்கு கொண்டவர் ஆவர்.